மூன்று வாரத்துக்குக் கொடுத்த தண்டுகள்

கெரெஷ்வார் மாவட்ட அருங்காட்சியகத்துக்கு யூதர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். உயிரோடு இல்லாத யூதர்கள் என்றால் அந்தப் பிரியம் இரண்டு மடங்காகிவிடும். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் சங்கடம். அவர்களை எந்த அலமாரியில் வைப்பது என்று விதிமுறையில் எழுதவில்லை.

ஆர்தூர் கெல்ப் உயிரோடு இருந்தார். அறுபத்தெட்டு வயது. சந்தைத் தெருவில் பல்செட் செய்து கொடுக்கும் கடை, பிளாங்கா என்றொரு மனைவி, இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அருங்காட்சியக இயக்குநர் டாக்டர் வேகெலியின் மேல்வரிசை முழுக்க ஆர்தூரின் கைவேலை.

திராட்சை பறிக்கிற காலத்தில் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் புதிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. ‘மறைந்தவர்களின் ஒளி: புதிய கூடம் திறப்பு விழா.’ அதன் நடுவே இரண்டு வெள்ளி மெழுகுவத்தித் தண்டுகளின் படம். தண்டுகளைச் சுற்றித் திராட்சைக் கொடி வேலைப்பாடு, வலதுபக்கத் தண்டின் அடியில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு குழி. ஆர்தூர் அந்தக் குழியைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், வந்த பேருந்துகளையெல்லாம் போகவிட்டுவிட்டார்.

அது அவருடைய அம்மாவின் விளக்கு. வெள்ளிக்கிழமை தோறும் பொழுது சாயும் முன், சாய்ந்ததும் தொடங்கும் யூத ஓய்வுநாளுக்காக அம்மா ஏற்றியது. யுத்தத்தின்போது வாதுமை மரத்தடியில் புதைத்து வைத்து, முகாமிலிருந்து திரும்பி வந்த அப்பா தோண்டி எடுத்தது. ஜெர்மன்காரன் கண்ணில் படவில்லை, ருஷ்யாக்காரன் கையிலும் சிக்கவில்லை. கடைசியில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மரியாதையான மனிதர் வந்து, “ஒரு கண்காட்சிக்கு, மூணே மூணு வாரம் குடுங்கம்மா” என்று கேட்டார். அம்மா செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அதன்பிறகு அம்மா எத்தனையோ தடவை நடந்தாள். கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. அந்தக் காலத்து அரசாங்கத்தில் மதச் சாமான் என்று ஒரு பிரிவே கிடையாது என்பதால், தண்டுகளை விவசாயக் கருவிகளில் சேர்த்து, கலப்பைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆர்தூரின் அக்கா செரேன் கடல் கடந்து ஹைஃபாவில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா செத்த பிறகு ஊருக்கு வந்து, “தண்டு எங்கடா?” என்றாள். “மியூசியத்துலக்கா” என்றார் ஆர்தூர். அவள் நேரே அங்கே போய்க் கேட்டாள். அரசாங்கம் மாறியபின் புதிதாக வந்த மதச் சாமான் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை அம்மா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். செரேன் திரும்பி வந்தாள். “வித்துத் தின்னுட்டு மியூசியத்து மேல பழி போடுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனவள், அதற்கப்புறம் தம்பியோடு பேசவே இல்லை. பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் பேசவில்லை.

சுவரொட்டியைப் பார்த்த அன்றைக்கே பிளாங்கா ஹைஃபாவுக்குப் போன் போட்டாள்.

“மியூசியத்துல இருந்தா மட்டும் ஆச்சா?” என்றாள் செரேன். “மியூசியத்துக்கே வித்திருப்பான். வந்து பாக்குறேன்.”

ஆர்தூருக்கு இப்போது வேண்டியது வெள்ளியில்லை. ஒரே ஒரு வாக்கியம். ‘விலைக்கு வாங்கியதல்ல, கெல்ப் அம்மாளிடம் இரவல் பெற்றது’ என்று அருங்காட்சியகம் தன் வாயால் சொல்லவேண்டும். செரேன் வருவதற்குள் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். டாக்டர் வேகெலி எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க கெல்ப் சார், வாங்க. இந்தப் பல்லு வந்தப்புறம்தான் ஆப்பிள் கடிக்கிறேன். சொல்லுங்க, என்ன செய்யணும்?”

ஆர்தூர் சொன்னார். வேகெலி முகம் வாடிவிட்டது.

“அடடா. அது முடியாதே சார். அந்தக் குடும்பம் சுவடில்லாம மறைஞ்சு போச்சுன்னு பலகையில எழுதியாச்சு.”

“நான்தான் அந்தக் குடும்பம், ஐயா.”

“உங்க வேதனை எனக்குப் புரியுது.”

“வேதனை இல்லீங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்.”

“தனிப்பட்ட முறையில நான் அதை மறுக்கல” என்றார் வேகெலி, மிகுந்த கனிவோடு. “ஆனா அந்தப் பலகையை மூணு பேராசிரியர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க இருக்கீங்கன்னு ஆயிடுச்சுன்னா கூடத்தோட பேரையே மாத்தணும். ‘மறைந்தவர்களின் ஒளி’ன்னு ஐரோப்பிய நிதி வாங்கியிருக்கோம். ‘சந்தைத் தெருவுல இருக்கிறவங்களோட ஒளி’ன்னா யார் சார் குடுப்பா?”

நான் செய்த பல்லை வைத்துக்கொண்டே நான் இல்லை என்கிறாரே என்று ஆர்தூர் அந்த மேல்வரிசையையே பார்த்தார். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்ற தைரியத்தில், நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். அந்தத் தண்டில் ஒரு குழி இருக்கிறது. அது அக்காவின் வேலை. அவளுக்கு ஒன்பது வயது, இவருக்கு ஐந்து. கசகசாவும் வால்நட்டும் வைத்த அடுக்குக் கேக்கில் கடைசித் துண்டை இவர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினாள். தலை பிளந்தது, தண்டும் நசுங்கியது. வெள்ளி கெட்டியா, நம்ம பையன் மண்டை கெட்டியா என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வேகெலியின் கனிவு சட்டென்று வற்றிப்போயிற்று. அந்தக் குழியைப் பற்றி அவர் நாற்பது பக்கத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். அது துப்பாக்கிக் கட்டையின் அடி என்றும், ஒரு நூற்றாண்டின் காட்டுமிராண்டித்தனத்துக்கு அதுவே மௌன சாட்சி என்றும் நிறுவியிருந்தார். பேராசிரியர் பட்டம் அந்தக் குழியில்தான் இருந்தது.

“பொருள் எங்கேருந்து வந்ததுன்னு பாக்குற தோற்ற ஆய்வுக் குழுவுக்கு அனுப்புறேன்” என்றார் சுருக்கமாக. “நெற்றியோட ஒரு பிரதி வேணும்.”

பல்செட்காரருக்குப் பிளாஸ்டர் பஞ்சமா? தன் நெற்றியில் தானே பூசி, அச்செடுத்து, வழவழவென்று தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். குழு அதை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. தண்டைக் கொண்டுவந்து பொருத்தியும் பார்த்தது. சாவி பூட்டில் விழுவதுபோல விழுந்தது. குழு ஒரு வாரம் யோசித்துவிட்டு முடிவை அறிவித்தது. ‘தண்டில் உள்ள குழி உண்மையானது. நெற்றியின் உண்மைத்தன்மையை உறுதி செய்ய இயலவில்லை.’

ஆர்தூர் தன் அச்சைத் திருப்பிக் கேட்டார். வாசலில் காவலுக்கு இருந்த எதெல்கா உதட்டைப் பிதுக்கினாள். பருமனான, கால்வலிக்காரி. அவளுக்கும் கீழ்வரிசை ஆர்தூருடையதுதான்.

“அது கிடைக்காதுங்க. ஒரு ராத்திரி இந்தக் கட்டடத்துல தங்குன பொருளு எதுவா இருந்தாலும் பதிவாயிடும். அப்படித்தான் விதி. போன வருஷம் என் குடையை வெச்சுட்டுப் போனேன். இப்ப அது ‘பட்டணத்து உழைக்கும் பெண்’ அலமாரியில இருக்கு.”

“என் நெத்தி எங்க இருக்கு?”

“கற்காலத்துக்குப் பக்கத்துல. இடம் அங்கதான் காலி.”

குழுவுக்கு ஈவிரக்கம் இல்லாமலில்லை. விழாவுக்கு ஆர்தூர் குடும்பத்தோடு வரலாம், ‘சந்ததியினர்’ என்று அட்டை வைத்த வரிசையில் உட்காரலாம், மௌன அஞ்சலியின்போது மௌனமாக இருக்கலாம் என்று அனுமதித்தது. யாருக்கு அஞ்சலி என்று ஆர்தூர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

செரேன் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை, நாக்கும் வளையவில்லை. பிளாங்காவைக் கட்டிக்கொண்டாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

“இளைச்சுட்ட” என்றாள். “வித்த காசு தீர்ந்துபோச்சோ?”

ஆர்தூர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் சமையல் வாசனை கமகமவென்றிருந்தது. செரேன் சாப்பாட்டு அறையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், விழா அழைப்பிதழைக் கையில் வாங்கிப் படித்தாள். பிறகு பிளாங்காவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பியபோது ஆர்தூர் கையில் இரண்டு பெரிய பைகளைத் திணித்தார்கள்.

“என்ன பிளாங்கா இது, இந்தக் கனம் கனக்குது?”

“கேக்காம தூக்கு” என்றாள் பிளாங்கா.

வாசலில் எதெல்கா பையைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். “உள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாதுங்க” என்றாள். இன்னொரு முறை முகர்ந்தாள். “என் அறையில ரேடியேட்டர் இருக்கு. அது மேல வெக்கிறேன், ஆறாது.”

கூடம் நிறைந்திருந்தது. தொலைக்காட்சிக் காமிரா ஒன்று வந்திருந்தது. ஊரில் யூதர்கள் இன்னும் ஒரு மேசை நிறைய இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் சந்ததியினர் வரிசையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர்களுக்கு ஒரு தட்டில், யூதர்கள் தொடாத பன்றிக்கொழுப்பு வறுவல் போட்ட உப்பு ரொட்டி சுற்றி வந்தது. மறைந்தவர்களின் நினைவாக என்று தட்டில் சிறு கொடி குத்தியிருந்தது. செரேன் தட்டைப் பார்த்தாள், “மறைஞ்சது நல்லதாப் போச்சு” என்று அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள்.

நடுவே வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. அதன்மேல், கண்ணாடிப் பெட்டி இல்லாமல், தண்டுகள் இரண்டும். மேலே மெழுகுவத்தி மாதிரியே செய்த பேட்டரி பல்புகள். தலைநகரிலிருந்து வந்திருந்த துணைச் செயலாளர் அம்மையார் கடைசியில் பொத்தானை அமுக்கி ஒளியேற்றுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. செரேன் தண்டுகளை எட்டி எட்டிப் பார்த்தாள். தூரம் அதிகம், கண்ணும் மங்கல். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

டாக்டர் வேகெலி பேச எழுந்தார். வரலாறு என்றார், ரணம் என்றார், குழியைப் பற்றிக் கட்டுரையிலிருந்து வாசித்தார். இனி இந்த ஒளியை எந்தக் கையும் அணைக்காது, அணைக்க விடமாட்டோம் என்று மேசையைத் தட்டினார். ஜன்னலில் வெயில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஏற்றவேண்டிய விளக்கு, பொழுது சாய்ந்து நெடுநேரம் கழித்துத்தான் எரியும்போலிருந்தது. துணைச் செயலாளர் அம்மையார் கொட்டாவியை விழுங்குவதை வேகெலி கவனித்துவிட்டார். அரசாங்கத்துக்குப் பிடித்த பொருளுக்கு மாறவேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும். சிக்கனத்துக்கு மாறினார்.

“மாண்புமிகு அம்மையார் அவர்களே, பெருமையோடு சொல்கிறேன். விலைமதிப்பற்ற இந்தத் தண்டுகளுக்காக இந்நிறுவனம் மக்கள் பணத்தில் ஒரு சல்லிக்காசுகூடச் செலவழித்ததில்லை. பெயர் தெரியாத ஒரு யூதத் தாய் தன் கையாலேயே செய்தித்தாளில் சுற்றித் தந்தார். எத்தனை நாளைக்கு? மூன்றே வாரத்துக்கு. எங்கள் முன்னோடிகளின் விடாமுயற்சியால், பலமுறை கேட்கப்பட்டும் திருப்பித் தராத மன உறுதியால், அந்த மூன்று வாரம் இன்று நித்தியமாகியிருக்கிறது.”

கைதட்டினார்கள். துணைச் செயலாளர் அம்மையாரும் தட்டினார். ஆர்தூர் கேட்ட வாக்கியம் வந்துவிட்டது. பக்கத்தில் அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது.

அவள் நேரே மேசைக்கு நடந்தாள். அதுவும் நிகழ்ச்சியில் ஓர் அம்சம் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். காமிரா அவளோடு நகர்ந்தது. செரேன் வலதுபக்கத் தண்டின் அடியை விரலால் தடவினாள். கட்டைவிரல் குழிக்குள் போய் நின்றது. பிறகு திரும்பி, அத்தனை பேருக்கும் மேலாகத் தம்பியின் நெற்றியைப் பார்த்தாள்.

“துப்பாக்கியும் இல்ல, கட்டையும் இல்ல” என்றாள் இயக்குநரிடம். “அந்தக் காட்டுமிராண்டி நான்தான். எங்கம்மா பேரு ஃபனி கெல்ப். நீங்க எழுதிக்கலாம்.”

சொல்லிக்கொண்டே பல்புகள் இரண்டையும் பிடுங்கி வேகெலியின் கையில் கொடுத்தாள். கைப்பையிலிருந்து இரண்டு மெழுகுவத்திகளை எடுத்துச் செருகினாள். ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தாள். சுடருக்கு மேலே கைகளை வளைத்து மும்முறை ஒளியை அள்ளி, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, அம்மா முணுமுணுத்த அதே வேகத்தில் ஆசிமொழியை முணுமுணுத்தாள். சந்ததியினர் வரிசையிலிருந்து ஆமென் என்று சத்தம் வந்தது. கண்ணிலிருந்து கையை எடுத்தபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

“நீ விக்கலடா” என்றாள் ஆர்தூரைப் பார்த்து. “நான் பாவி. இத்தனை வருஷமா உன்னைத் திருடன்னு சொல்லிட்டேனே.”

ஆர்தூர் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். “கேக்கைத் தின்னது நான்தானேக்கா” என்றார்.

வேகெலி பல்புகளைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் வந்தார். “அம்மா, நெருப்பு. கூடத்துக்குள்ள நெருப்பு கூடாது. எதெல்கா, அணைங்க.”

“எந்தக் கையும் அணைக்காதுன்னு இப்பத்தான் சொன்னீங்க?” என்றாள் செரேன். காமிரா வேகெலி பக்கம் திரும்பியது. வேகெலி ஆர்தூரின் பல்வரிசை முழுவதையும் காட்டிச் சிரித்தார்.

“அப்ப, வேற இடத்துக்கு நகர்த்தலாமே.”

“ஏத்துன விளக்கை நாளைக்குப் பொழுது சாயிற வரைக்கும் எங்க ஆளு தொட மாட்டான். அது மட்டுமில்ல. விளக்கு எங்கயோ, சாப்பாடு அங்க. அதுவும் எங்க விதி. நீங்க விதிக்குக் கட்டுப்பட்டவர், உங்களுக்குச் சொல்லணுமா? பிளாங்கா, எடுத்தா.”

எதெல்கா பைகளோடு வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். பிளாங்கா பூவேலைத் துணியை விரித்தாள். பின்னல் ரொட்டி வந்தது, கோழிச் சூப் வந்தது, வால்நட் அரைத்துவிட்ட மீன் வந்தது. மறைந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச்சு கேட்டே களைத்துப்போயிருந்த துணைச் செயலாளர் அம்மையார், இது எந்தத் தலைப்பில் வருகிறது என்று உதவியாளரிடம் கேட்டுவிட்டு, தானும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். எரிகிற நெருப்புக்குப் பக்கத்தில் தீயணைப்புப் பொறுப்பாளர் ஒருவர் கடைசிவரை இருந்தாகவேண்டும் என்று விதி. அந்தப் பொறுப்பு எதெல்காவுடையது. இரண்டாம் முறை மீன் போட்டுக்கொண்டு அவள் அதைச் செவ்வனே செய்தாள். கடைசியில் கசகசா அடுக்குக் கேக் வந்தது. ஒரு துண்டு மிஞ்சியது. செரேன் அதைத் தம்பியின் தட்டில் வைத்தாள்.

“எடு” என்றாள். “கையில ஒண்ணும் இல்ல, பயப்படாத.”

மெழுகுவத்திகள் தாமாக அணையும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுநாளில் தெருவில் எதையும் சுமந்து போகக்கூடாது என்பதால் தட்டு, துணி, கிண்ணம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டார்கள். ஆர்தூர் சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

“தண்டையும் கேட்டு வாங்கிடலாமாக்கா?” என்று வாசலில் கேட்டார்.

“கேட்டா குழு போடுவானுங்க. போகட்டும் போ, வெள்ளி எனக்கு எதுக்கு?” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடுவரை விடவில்லை.

செரேன் ஞாயிறு விடியற்காலை ரயிலில் கிளம்பினாள். அவளை ஏற்றிவிட்டு ஆர்தூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். கூடம் பூட்டியிருந்தது. பதிவு நடக்கிறது என்று அட்டை தொங்கியது. அடுத்த மாதம்தான் திறந்தார்கள். மேசை அப்படியே, பிளாங்காவின் துணியோடும் மீன் முள்ளோடும், ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. தண்டுகளில் உருகிய மெழுகைக்கூடச் சுரண்டவில்லை. வேகெலி புதிய கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகப் பேச்சு.

ஆர்தூர் பெட்டியின் மூலையில் தன் மூக்குக் கண்ணாடியைக் கண்டார். அதன் கீழே ஒரு சிறு பலகை இருந்தது. கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியவில்லை.

“என்ன போட்டிருக்கு, எதெல்கா?”

எதெல்கா குனிந்து படித்தாள். “‘மறைந்த சமூகத்தின் கடைசி ஓய்வுநாள் விருந்து. ஆண் மூக்குக் கண்ணாடி. உடைமையாளர் பற்றித் தகவல் இல்லை.’”

“அம்மா பேரு எங்கயாவது இருக்கா?”

எதெல்கா பலகையின் பின்பக்கமும் தேடிப் பார்த்தாள். இல்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல், பொழுது சாயும் முன் ஹைஃபாவிலிருந்து போன் வந்துவிடுகிறது. அந்த வாரமும் வந்தது. ஆர்தூர் நடந்ததைச் சொன்னார். செரேன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுடா” என்றாள். “கண்ணாடியை எவ்வளவுக்கு வித்த?”

“விக்கலக்கா” என்றார் ஆர்தூர். “மூணு வாரத்துக்குக் குடுத்திருக்கேன்.”